மாதந்தோறும் உயிர்த்தெழுந்த வல்மோர்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து மர்த் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். மோரு வீடு என்று கேட்டால் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகூடக் கையை நீட்டும். அந்த வீட்டில் யாரும் மோர் விற்றதில்லை. மர்த்தக்காவின் ஒரே மகன் பெயர் வல்மோர். கோயிலில் வைத்த முழுப் பெயர் வின்சான் வல்மோர். வின்சானைத் தெரு முதலில் விழுங்கியது, பிறகு வல்லையும் விழுங்கியது, மோர் மட்டும் மிஞ்சியது. மூலக்குளத்தில் அவன் நடத்தும் பைக் ஒர்க்‌ஷாப் போர்டில்தான் பெயர் முழுசாக இருக்கும். பெயருக்குப் பின்னால் காற்றில் பறக்கிற மாதிரி ஒரு கறுப்புத் துணி வரைந்திருப்பார்கள். சேலை காய்கிறதா என்று கேட்டேன். அங்கி என்றான். அம்மா சொல்லி வரைந்ததாம்.

யார் இந்த வல்மோர் என்று கேட்காத ஆள் கிடையாது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே கேட்டார். "எந்தப் புனிதரும்மா இவரு? நான் கேள்விப்பட்டதே இல்லியே?" மர்த்தக்கா கண் இமைக்காமல், "ரொம்பப் பாடுபட்டவரு சாமி" என்றாள். அன்றைக்கு வரிசையில் இன்னும் சில குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. முன்னால்தான் வின்சான் என்று ஒரு புனிதர் இருக்கிறாரே என்று சாமியார் சமாதானமாகித் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

வல்மோர் ஒரு பிரெஞ்சு காமிக்ஸ் புத்தகத்தில் வருகிற ஆள் என்பது அந்தக் கோயிலில் அன்று அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர் வீடு. எங்கள் மாடிப்படியில் நின்றால் அவர்கள் கூடம் முழுசாகத் தெரியும், கொல்லை பாதி தெரியும். நம் வீட்டுத் துணி மட்டும் ஏன் இத்தனை தடவை காய்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். ஆனால் வல்மோர் சங்கதி படியில் நின்று பிடித்தது அல்ல. அதில் நானும் கூட்டாளி.

அப்போது மர்த்தக்காவுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு, அவள் தம்பி லெயோனுக்கு ஆறு. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. பிரான்சிலிருந்து பார்சல் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர்களுடைய சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் அனுப்பும் பார்சலில் வாசனைச் சவுக்காரம், சாக்லேட், இந்த ஊர் வெயிலில் பார்த்தாலே வேர்க்கும் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டு காமிக்ஸ். மாதம் ஒன்றாக வரும் புத்தகத்தைச் சேர்த்துவைத்து ஒன்றாக அனுப்புவார். மர்த்தக்கா மாதம் ஒன்றுக்கு மேல் பிரிக்கவிடமாட்டாள். அந்த வயதிலேயே அவ்வளவு கறார்.

அவர்கள் அப்பாவுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படம் போட்ட புத்தகத்தைக் கண்டால் கிழித்துவிடுவார். அம்மாவுக்குத் தமிழ் ஜெபப் புத்தகம் போதும். மர்த்தக்கா படித்தது கன்னியர் பள்ளியில், தமிழில். பிரெஞ்சில் அவளுக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும். லெயோனை அப்போதுதான் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டச் சொன்னால் மூக்குதான் ஒழுகும்.

ஆகவே, அப்பா தூங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் மர்த்தக்கா ஏறி உட்காருவாள். கீழே நானும் லெயோனும். வேர்க்கடலை என் பொறுப்பு. கடலை வராவிட்டால் கதை தொடங்காது. பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தமிழில் கடகடவென்று படிப்பாள். படிக்கிறாள் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பினோம். கொஞ்ச நாளில் அவளும் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

எல்லாப் புத்தகத்திலும் இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தனுக்குப் பளபளவென்று மார்க்கவசம், குஞ்சம் வைத்த தலைக்கவசம், முழங்காலுக்கு மேலேயே நின்றுபோன உடுப்பு, மழுமழு முகம். இன்னொருவருக்கு நீண்ட முடி, தாடி, தரையைப் பெருக்கும் கறுப்பு அங்கி. அங்கியை விசிறினால் புகையாகி மறைந்துபோவார். அவரைக் கண்டதும் எல்லாரும் பெரிய பெரிய எழுத்தில் வல்மோர், வல்மோர் என்று கத்துவார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தத் தகர மார்க்காரனும் அவன் ஆட்களும் சேர்ந்து அவரை அடித்து, கம்பத்தில் கட்டிவைப்பார்கள். ஒரு மாதம் கடலில் தள்ளுவார்கள், ஒரு மாதம் எரிமலையில். அடுத்த மாதம் முதல் பக்கத்தைப் பிரித்தால் அங்கி பறக்க நிற்பார்.

"பாத்தியா, உயிர்த்துட்டாரு" என்பாள் மர்த்தக்கா.

கோயில் சுவரில் சிலுவைப்பாதைப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? அங்கேயும் பளபளப்பாக நிற்பவன் ரோமச் சேவகன். தாடி வைத்து, அங்கி போட்டு, அடி வாங்குகிறவர்தான் நம்மவர். கட்டிவைத்துக் கொன்ற பிறகு திரும்பி வருகிறவரும் அவர்தான்.

எனக்கு மட்டும் ஒரு தடவை இடித்தது. ஒரு புத்தகத்தில் வல்மோர் ஒரு பேங்குக்குள் புகுந்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்.

"ஏன்க்கா, மேஜையெல்லாம் கவுத்துட்டுப் பணத்த அள்ளிக்கினு ஓடறாரே?"

"கோயில்ல கடை போட்டவங்க மேஜைய ஏசுநாதர் கவுக்கல? அதேதான் இது. நீ பூசைக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். கடலைய இப்படித் தள்ளு."

நான் மாரியம்மன் கோயில் கட்சி. வாயை மூடிக்கொண்டேன்.

லெயோன் அவன் அம்மா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு முக்காட்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு அந்தக் கல்லிலிருந்து குதிப்பான். முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. முக்காடு கிழிந்ததற்கு அப்பாவிடம் பெல்ட்டடி வேறு. மர்த்தக்கா முந்தானைகூட இல்லாத வயதில் பாவாடை நுனியால் அவன் முகத்தைத் துடைத்து, "அடி வாங்கினவருதான்டா கடைசில ஜெயிப்பாரு" என்றாள். அவன் விசும்பலுக்கு நடுவே, "எந்த மாசம்க்கா?" என்று கேட்டான்.

மர்த்தக்கா பெரியவளான வருஷம், அவள் அம்மா வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கட்டு முழுவதையும் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் ரொம்ப நாள், கடையில் கடலை வாங்கினால் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பேன். ஒரு தடவை வல்மோரின் கை மட்டும் கிடைத்தது. எண்ணெய் ஊறிப்போயிருந்தது.

வளர்ந்ததும் லெயோனும் சித்தப்பா வழியில் சொல்தாவாகப் பிரான்சுக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் அழுதோம், மர்த்தக்கா அழவில்லை. "வல்மோர் மாதிரி போயிட்டு வந்துடு" என்றாள். "வந்துடுவேன்க்கா" என்றான். அடுத்த வருஷம் அவளுக்குப் பையன் பிறந்தான். தம்பி பெயரை வைப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். வேறு பெயரை வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "லெயோனு லெயோனுன்னு கூப்பிட்டா அவன் இல்லாததுதான் ஞாபகம் வரும். வல்மோருன்னு கூப்பிட்டா, வருவான்னு தோணுதுடி" என்றாள்.

வந்தான், வராமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு வருகையிலும் வயிறு முன்னால் வந்தது, முடி பின்னால் போனது, சென்ட் வாசனை தெருமுனைக்கே வந்து நின்றது. பையனை அங்கே அழைத்துப்போகிறேன் என்று எவ்வளவோ கேட்டான். "ஒருத்தர அனுப்பினது போதும்" என்று சொல்லிவிட்டாள் மர்த்தக்கா.

நான் சொல்ல வந்தது 2006 பொங்கல் கழித்து நடந்தது. வல்மோருக்குப் பெண் அமைந்திருந்தது. அமைந்தது என்றால், அந்தப் பெண் சிந்தியின் ஸ்கூட்டி அவன் ஒர்க்‌ஷாப்பில் வாரம் ஒரு முறை ரிப்பேர் ஆகிக்கொண்டிருந்தது. புது ஸ்கூட்டி அது. ஓடாத வண்டிகூட அவ்வளவு தடவை ரிப்பேருக்கு வராது. எனக்கு அப்போதே மணத்தது. சிந்தியின் அப்பா ஒலிவியே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் அஜுதான் என்கிற பதவியில் இருந்து, பான்சியோன் என்கிற பிரெஞ்சுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். காலையில் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்காமல் காபி இறங்காது. பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் இருந்தும் பிரான்சுக்குப் போகாமல் ஸ்பேனர் பிடிக்கிற மாப்பிள்ளை அவருக்கு அரை மனசு. பெண்ணின் பிடிவாதத்தில் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருந்தார்.

அதற்கு முன் வாரம் லெயோன் பிரான்சிலிருந்து போன் செய்தான். அங்கே ஒரு பழைய சாமான் சந்தையிலிருந்து, நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரிதானாம், அங்கே நின்றுகொண்டே கூப்பிட்டிருக்கிறான். மர்த்தக்கா ஸ்பீக்கர் போட்டதால் எனக்கும் கேட்டது. ஸ்பீக்கர் போடாவிட்டாலும் கேட்டிருக்கும், அவன் கத்திய கத்தில்.

"அக்கா! வல்மோரப் புடிச்சிட்டேன்! நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கான், அப்படியே கட்டா வாங்கிட்டேன்! கையில எடுத்தாறேன்!"

மர்த்தக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போனை வைத்துவிட்டுக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கணவர் தனிஸ்லாஸ் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை; அவரே "என்னாச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, பையன் பெயர் வந்த புத்தகத்தையே தம்பி கொண்டுவருகிறான், நீங்கள்தான் பிரெஞ்சில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒலிவியேவிடம் சொல்லியும் விட்டாள்.

லெயோன் புதன்கிழமை வந்தான். சவுக்காரம் வந்தது, சாக்லேட் வந்தது, எனக்கு ஒரு குட்டி சென்ட் பாட்டில்கூட வந்தது. வல்மோர் வரவில்லை.

"எங்கடா?" என்றாள் அக்கா.

"இன்னொரு பெட்டில இருக்கு."

மறுநாள், "சாவி எங்கயோ வச்சிட்டேன்" என்றான். அதற்கு மறுநாள் வயிற்றுவலி. ஆறு வயதில் வீட்டுப்பாடம் எழுதாமல் போவதற்கு இதே வரிசையில்தான் காரணம் சொல்வான். எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மர்த்தக்கா பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். குழம்பு ஒரு சாக்கு என்பது குழம்புக்கே தெரியும்.

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் லெயோன் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு. துண்டுக்கடியில் புத்தகம்.

"என்ன தம்பி, வயித்துவலி படிச்சா சரியாயிடுமா?"

மறைக்கப் பார்த்தான். நான் கிண்ணத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அதே அட்டை. அதே தாடி, அதே அங்கி. பொட்டலத்தில் கிடைத்த கைக்கு நாற்பது வருஷம் கழித்து உடம்பு கிடைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொல்லையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இத வச்சிக்கினாடா அவளுக்குக் குடுக்காம இருக்கற?"

"அஞ்சலக்கா, இவன் வில்லன்."

"யாரு?"

"வல்மோரு."

"போடா."

"மொதப் பக்கத்துலயே போட்டிருக்கான்க்கா, கொடியவன் வல்மோர்னு. பேங்க் கொள்ளை. பாலத்துக்கு வெடி. அந்த எரிமலை இருக்குல்ல, இவனேதான் தூண்டி விட்டிருக்கான். ஊரையே அழிக்கப் பாத்திருக்கான்."

"அப்ப ஹீரோ யாரு?"

அவன் தகர மார்க்காரனைத் தொட்டுக் காட்டினான். "இவன். கொமாந்தான் சொலேய். அட்டையில பெருசா இவன் பேருதான் இருக்குது. அக்கா அத பத்திரிகை பேருன்னு நெனச்சிட்டா."

"அந்த ரோமச் சேவகனா!"

சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. சந்தையில் கட்டைப் பிரிக்காமலே போன் செய்திருக்கிறான். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

"அந்த ஊர்ல மொத வருஷம் பாஷை வராம, குளிர் தாங்காம, மேல இருக்கறவன் திட்டினா போர்வைய இழுத்துப் போத்திக்கினு வல்மோர் வல்மோர்னு சொல்லிக்குவேன்க்கா. ஒரு கொள்ளக்காரன் பேர!" என்றான். "எனக்கே இப்படின்னா, அவ புள்ளைக்கே பேரு வச்சிருக்கா. நாளைக்கு அந்த அஜுதான் வந்து கூடத்துல உக்காந்து சத்தமாப் படிச்சா என்ன ஆவா? என்னால வந்த பேருதான்க்கா அது."

"எரிச்சிடு. பெட்டி தொலஞ்சிடுச்சின்னு சொல்லு."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வழுக்கைத் தலை, சென்ட், எல்லாவற்றுக்கும் பின்னால் பல் போன அந்தப் பையன் தெரிந்தான். "வல்மோர நானே கொளுத்தறதா?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். என்னிடம்! ஒரு செய்தி என் வயிற்றில் ஓரிரவு தங்கினால் மறுநாள் எனக்குக் காய்ச்சல் வரும், தெருவுக்கே தெரியும். அன்று சாயங்காலம் வாசலில் மூன்று பேர் என்ன விசேஷம் என்று வந்து நின்றார்கள். வெண்டைக்காய் விலையைப் பேசி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒலிவியே வந்தார். கூட மனைவி, சிந்தி. மர்த்தக்கா கூடத்துக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருந்தாள். கடையின் விலைச்சீட்டு ஒரு மூலையில் தொங்கியது. நான் போய்ச் சீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வல்மோர் முழுக்கைச் சட்டையில், நகத்துக்கடியில் கிரீஸோடு, கதவோரம் நின்றான். சிந்தி அவன் நகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஒலிவியே நிமிர்ந்து உட்கார்ந்தார். கேக் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். பிறகு பட்டாளத்தில் விசாரிக்கிற மாதிரித் தொடங்கினார்.

"மதாம், ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. நானும் சின்ன வயசுல அந்தப் புஸ்தகத்தப் படிச்சவன்தான்."

லெயோன் கையிலிருந்த காபி தட்டில் கொட்டியது.

"அப்படியா!" மர்த்தக்காவுக்கு முகமெல்லாம் பல். "அப்ப ஒங்களுக்கு வல்மோரத் தெரியுமா?"

"தெரியாம? நான் கொமாந்தான் சொலேய் ரசிகன். தலகாணி உறையில மார்க்கவசம் தச்சிப் போட்டுக்கினவன். அதான் கேக்கறேன். சம்பந்தம் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து மனசுல உறுத்துது. எத்தினியோ பேரு இருக்க, இந்தப் பேர எதுக்கு வச்சீங்க?"

"அந்தச் சேவகன் கட்சியா நீங்க!" என்றாள் மர்த்தக்கா, ஏதோ அவர் ஏசுநாதரை விட்டுவிட்டுத் திருடன் பரபாசுக்கு ஓட்டுப் போட்டுவிட்ட மாதிரி. "ஏன் முசே, ஒருத்தர மாசா மாசம் நாலு பேரு சேர்ந்து அடிச்சிக் கட்டிப்போடறான். கடல்ல தள்றான். நெருப்புல போடறான். அவரு ஒருத்தரையும் சபிக்காம திரும்பித் திரும்பி எழுந்து வர்றாரு. அவரு பேர வைக்காம, அடிச்சவன் பேரயா வைப்பாங்க?"

ஒலிவியே வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கதைக்குள் போய்விட்டாள். கடலில் தள்ளிய மாதம், கம்பத்தில் கட்டிய மாதம், கோயில் மேஜைகளைக் கவிழ்த்த மாதம். குரல் அப்படியே துவைக்கிற கல்லின் மேலிருந்து வந்தது. இடையிடையே கை தானாக நீண்டது. சுற்றிப் பார்த்தேன், மிக்சர் தட்டு கிடைத்தது, தள்ளினேன். கடைசியில், "இதோ நிக்கிறானே, இவனோட மாமன் என்ன உட்டுட்டுப் பட்டாளத்துக்குப் போன மறுவருஷம் இவன் பொறந்தான். போறவங்க திரும்பி வரணும்னு ஒரு ஆசை. அதான் வச்சேன்" என்று முடித்தாள்.

ஒலிவியே லெயோனைத் திரும்பிப் பார்த்தார். அவரும் ஒரு நாள் ஒரு பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். அவருக்கும் அக்காவோ அம்மாவோ இருந்திருப்பாள்.

"புஸ்தகத்த எடுத்தாடா லெயோ" என்றாள் மர்த்தக்கா.

அவன் என்னைப் பார்த்தான். நான் திரைச்சீலையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் உள்ளே போய் அந்தப் புத்தகக் கட்டிலிருந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துவந்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தாள். திருப்பினாள். மெதுவாகத் திருப்பினாள். ஐம்பத்திரண்டு வயதுக் கண் பத்து வயதுக் கண் இல்லை. படம் என்னவோ அதே படம்தான். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். பாலம் உடைந்து ஜனங்கள் ஆற்றில் விழுகிறார்கள். கரையில் வல்மோர் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார்.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "நீ படிச்சிட்டியா?"

"ம்."

"பிரெஞ்சுல என்னடா போட்டிருக்குது?"

லெயோன் அந்தப் பாலத்தைப் பார்த்தான். "நீ சொன்னதுதான்க்கா" என்றான்.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை ஒலிவியே பக்கம் நீட்டினாள். "நீங்க படிங்க முசே. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

ஒலிவியே பொய் சொல்கிற ஆள் இல்லை. கடையில் மீதிச் சில்லறையாக மிட்டாய் கொடுத்தால்கூட வாதாடுகிறவர். நான் என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் கண்ணாடி மாட்டினார். ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம். மர்த்தக்காவைப் பார்த்தார். கதவோரம் நின்ற வல்மோரைப் பார்த்தார். அவன் பக்கத்தில் எப்போதோ போய் நின்றிருந்த தன் மகளையும் பார்த்தார். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே வல்மோர் கம்பத்தில் கட்டுண்டு கிடந்தார். தகர மார்க்காரன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இங்க வல்மோர் ஒன்னு சொல்றாரு" என்றார் ஒலிவியே. தொண்டையைச் செருமிக்கொண்டு, பரேடு மைதானத்துக் குரலில் வாசித்தார். "ழெ ரெவியாந்த்ரே."

"அப்படின்னா?"

"நான் திரும்பி வருவேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மதாம். இந்தப் பக்கத்துல அவரு பேசறது அது ஒன்னுதான். வேணும்னா ஒங்க தம்பிய கேளுங்க."

"அதேதான் போட்டிருக்குதுக்கா" என்றான் லெயோன். அவன் குரல் உடைந்துவிட்டது. இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை.

மர்த்தக்கா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். எழுத்துக்கு எழுத்து. "நான் என்ன சொன்னேன்?" என்றாள். பிறகு தம்பியிடம், "கேட்டியாடா? இவரு மாசா மாசம் சொன்னாரு, மாசா மாசம் வந்தாரு. நீயும் பஸ் ஸ்டாண்டுல இதேதான் சொன்ன. மூணு வருஷத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டற" என்றாள்.

"பான்சியோன் வந்துடுச்சிக்கா. இனிமே குளிர்காலம் பூரா இங்கதான்."

"ம்க்கும். எந்த மாசம்?" என்றாள்.

லெயோன் முகம் கழுவக் கொல்லைக்குப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

கல்யாணத்துக்கு ஏப்ரலில் நாள் குறித்தார்கள். ஒலிவியே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முதல் பேரனுக்குப் பெயர் தான்தான் வைப்பாராம். என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. சேவகன் பெயர் இந்த வீட்டில் நுழையாது என்று மர்த்தக்கா அங்கேயே அறிவித்துவிட்டாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, எனக்கும் பொழுது போகிறது.

அவர்கள் கிளம்புகிற நேரம் சிந்தி கிளம்பவில்லை. மர்த்தக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, எனக்கும் முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். மர்த்தக்கா புத்தகத்தை மடியில் வைத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். அவள் அப்பா விடுவாரா? இருந்தும் எழுத்தின் பக்கம் அவள் கண் போகவே இல்லை. மாமியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, இந்த வீட்டில் பிழைத்துக்கொள்வாள்.

பாலம் உடைகிற இடம் வந்தபோது மர்த்தக்கா இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாள். தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்து மொறமொறவென்று இருந்த தாள் எப்படி ஒட்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்கிற கண் எனக்கு; அன்றைக்கு அது கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

"என்னடி அஞ்சல, இன்னிக்கு வாயே தொறக்கல நீ? ஒடம்பு சரியில்லியா?" என்றாள் மர்த்தக்கா.

நான் மிக்சர் தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"ஒன்னுமில்ல. நீ சொல்லுக்கா. அப்புறம் என்னாச்சு?"